மூட்டையோடு திரும்பி வருவது

அன்புள்ள சார்,

எனக்கு ஊர் கம்பம். எம்.காம். முடித்துவிட்டு போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதுகிறேன். சினிமா, புத்தகம், அரசியல் என்று எதைப் பற்றியும் போகிற போக்கில் ஒரு கருத்து சொல்லிவிடுகிறீர்கள். அவை ஒன்றோடொன்று சேரவில்லையே என்பதுதான் என் கேள்வி. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ மனதை விட்டு அகலாத படம் என்றீர்கள். அது முழுக்க இடதுசாரிப் படம். அடுத்த வாரமே ராஜாஜி எதிர்த்த ‘பர்மிட் லைசென்ஸ் ராஜ்’, அதாவது எதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்கிற ஆட்சி பற்றி எழுதி, சந்தையை அதன் போக்கில் விட வேண்டும் என்றீர்கள். சந்தையைப் பற்றி எழுதிய பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித்தைப் படிக்கச் சொல்கிறீர்கள். சந்தையை அதன் போக்கில் விட்டால் சிறு விவசாயிதான் அடிபடுகிறான், கடையில் தினமும் பார்க்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம்?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

போகிற போக்கில் சொன்னவைதான். ஆனாலும் எல்லாமே ஒரே வீட்டிலிருந்து வந்தவை. கம்பத்தை அடுத்த கூடலூரில் எங்கள் வீடு. கேரள எல்லை தாண்டி வண்டன்மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். தாத்தா காலத்தில் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் காப்பியும் இருந்தது.

காப்பியிலிருந்து தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை மூடி விலை விழுந்தபோது, விவசாயியைக் காப்பாற்ற 1942இல் சட்டம் வந்தது. வீட்டுக்கும் விதைக்கும் வைத்துக்கொண்டதுபோக மற்றதை எல்லாம் அரசின் காப்பி போர்டு வைத்த பூலில், அதாவது பொதுத் தொகுப்பில், கொடுத்துவிட வேண்டும். போர்டு விற்று, தரத்துக்குப் புள்ளி போட்டு, பணத்தைத் தவணை தவணையாகத் தரும். போர் முடிந்தது, பூல் முடியவில்லை. ஒரு வருடத்துக் காப்பிக்குக் கடைசித் தவணை வருவதற்குள் அடுத்த வருடத்துக் காய் பழுத்துவிடும் என்று தாத்தா சொல்வார். அவர் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். தன் சொந்தக் காப்பியை, தெரிந்த வியாபாரிக்கு, தான் நினைத்த நாளில் விற்றால் குற்றம். 1992இல் கொஞ்சம் திறந்துவிட்டார்கள், 1996இல் முழுசாக. அதற்குள் தாத்தா போய்விட்டார். ராஜாஜி 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கியபோது எதை எதிர்த்தார் என்பதை நான் அந்த டின்னைத் திறந்து பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அப்பா ஏலக்காய்க்காரர். அதில் பூல் கிடையாது. காயை ஏலம் விடும் கூடம் இருந்தது, வியாபாரிகள் இருந்தார்கள், காகிதத்தில் பார்த்தால் முழுச் சுதந்திரம். ஆனால் ஒவ்வொரு வைகாசியிலும் உரத்துக்கும் மருந்துக்கும் பணம் வேண்டும். ஒரு வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்குவார். வாங்கினால் காய் அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காயை ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். அந்தக் காயை வியாபாரி கையில் அள்ளி, ஒரு காயை நகத்தால் கீறிப் பார்த்து, “கலர் பத்தாதுண்ணே” என்பார். கலர் நன்றாகத்தான் இருக்கும். அப்பாவுக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும். அப்பா தலையாட்டிவிட்டு வருவார்.

நீங்கள் கடையில் தினமும் பார்ப்பது இதைத்தான். அதைச் சந்தை என்று நீங்கள் சொல்வதைத்தான் நான் மறுக்கிறேன். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாதவன் நிற்கிற இடம் சந்தை இல்லை. தாத்தாவின் வாயைச் சட்டம் அடைத்தது, அப்பாவின் வாயைக் கடன் அடைத்தது. எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

விலை என்பது லேசான விஷயம் இல்லை. பொருளாதார அறிஞர் ஹயெக் 1945இல் எழுதிய ஒரு கட்டுரையில் வெள்ளீயத்தை உதாரணம் சொல்வார். எங்கோ அது தட்டுப்பாடானால், ஏன் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, விலை ஏறினாலே உலகம் முழுக்கச் சிக்கனமாகிவிடும் என்று. நம் ஊரில் இதைக் கண்ணால் பார்த்தோம். 2018 ஆகஸ்ட் மழையில் இடுக்கியில் தோட்டம் தோட்டமாகச் செடி அழுகியது. அடுத்த கோடையில் வறட்சி. 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புற்றடியில் நடக்கும் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. யாரும் உத்தரவு போடவில்லை, கிடைத்த இடத்தில் எல்லாம் ஏலச்செடி நட்டார்கள். 2022இல் சராசரி ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இறங்கியபோது அடிபட்டவர்கள் யார் என்று உங்கள் பேரேட்டைப் புரட்டிப் பாருங்கள். காயை வைத்திருந்து விற்க முடியாதவர்கள்தான் முதலில் இருப்பார்கள். வைத்திருப்பதும் சும்மா இல்லை. கறுப்புத் தாள் போட்ட சாக்கில் காற்றுப் படாமல் கட்டி வைக்க வேண்டும், பச்சை வெளுத்தால் விலை போச்சு.

ஆடம் ஸ்மித்தை முதலாளிகளின் ஆள் என்று நினைக்கிறவர்கள் அவரைப் படித்திருக்க மாட்டார்கள். கூலித் தகராறு பற்றி 1776இலேயே எழுதிவிட்டார். முதலாளி வேலையாள் இல்லாமல் ஒரு வருடம், இரண்டு வருடம்கூட இருந்துவிடுவார், வேலையாட்களில் பலரால் ஒரு வாரம் தாங்க முடியாது என்று. கல்லூரியில் படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய் நின்றேன். அப்பாவைப் பற்றி எழுதியிருந்தது போலிருந்தது.

இப்போது படத்துக்கு வருகிறேன். லெனின் பாரதியின் அந்தப் படம் 2018இல் வந்தது, நம் மலை, நம் ஆட்கள், பண்ணைப்புரத்துக்காரர் இளையராஜாவின் இசை. ரங்கசாமி சுமை தூக்கிக் காசு சேர்த்து நிலம் வாங்குகிறான். விதையையும் உரத்தையும் கடனுக்கு வாங்குகிறான், நிலம் போகிறது, கடைசியில் அதே நிலத்தில் நிற்கும் காற்றாலைக்குக் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறான். இடதுசாரிகள் அதில் வருகிறார்கள், உண்மை. படம் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பெரும்பகுதி மலையில் நடப்பதுதான். அந்த நடையைப் பார்க்கும்போது, நிலம் என்பது இந்த மனிதனுக்கு என்ன என்று சொல்லாமலே விளங்குகிறது. சொத்துரிமையைப் பற்றி இத்தனை அக்கறையாக ஒரு படம் நான் பார்த்ததில்லை. இயக்குநர் அதை ஒத்துக்கொள்ள மாட்டாராக இருக்கலாம். எனக்குக் கிடைத்தது அதுதான்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரள நிலச் சீர்திருத்தம் உச்சவரம்பு வைத்தபோது தோட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. வயலில் குத்தகைக்கு உழுதவனுக்கு நிலம் கிடைத்தது. தோட்ட வேலைக்காக விடிவதற்கு முன்னே ஜீப்பில் நெருக்கிக்கொண்டு கம்பம்மெட்டு மலை ஏறுகிற நம் பெண்களுக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை. அந்த விலக்கைத் தந்தது சந்தை இல்லை, சட்டசபை.

சரி, எந்தப் பக்கம்? விலையை அரசு வைக்கக் கூடாது, யார் யாருக்கு விற்கலாம் என்றும் சொல்லக் கூடாது. அதே அழுத்தத்தோடு சொல்கிறேன், கிடங்கில் வைத்த காய்க்கு ரசீது, ரசீதின் பேரில் நியாயமான வட்டிக்குக் கடன், இது ஒவ்வொரு சிறு தோட்டக்காரனுக்கும் கிடைக்க வேண்டும். கிடங்கு ரசீதுக்கு 2007லேயே சட்டம் இருக்கிறது. மூன்று ஏக்கர்காரன் வாசலுக்கு அது வந்து சேர்ந்ததா என்று உங்கள் கடைக்கு வருகிறவர்களைக் கேளுங்கள்.

அக்காவுக்கு ஆசிரியர் வேலை கிடைத்து, அவள் அனுப்பிய பணத்தில் அட்வான்ஸ் கடன் அடைந்தது. அந்த வருடம்தான் அப்பா முதல்முறையாக இரண்டு மூட்டையை நேராக ஏலத்துக்கு எடுத்துப்போனார். நானும் போனேன். சாம்பிள் தட்டு கை மாறிப் போகிறது, ஒவ்வொருவரும் ஒரு பிடி அள்ளிப் பார்த்துக் கீழே போடுகிறார்கள், தரையெல்லாம் காய். எங்கள் லாட்டுக்கு விலை வந்ததும் அப்பா எழுந்து, “குடுக்கலைங்க, எடுத்துக்கிறேன்” என்றார். குரல் நடுங்கியது. அடுத்த ஏலத்துக்கு இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. இரண்டு மூட்டையையும் பஸ்ஸில் ஏற்றி கூடலூருக்குக் கொண்டுவந்து, உள்ரூமில் இறக்கி, பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்தார். வீடு முழுக்க அந்த வாசம்.

அடுத்த ஏலத்தில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைவாகத்தான் போனது. அப்பா அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

அன்புடன்.