ஓனருக்கே எஃப் போட்டவர்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவ பில்லிங் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் ஒன்பது பேர். வருடாந்தர சர்வே வந்திருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாது என்கிறார்கள், ஆனால் "எல்லாரும் நல்லபடியா போடுங்க" என்று மேனேஜர் ஜாடையாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஆறு மாதக் குழந்தை. பால் எடுப்பதற்கென்று ஒதுக்கிய அறையில் தாழ்ப்பாள் இல்லை, பாதி அறையில் பழைய நாற்காலிகள். என் கணவர் ஜெட்ஸ் என்கிற அமெரிக்கக் கால்பந்து அணியின் ரசிகர். "வீரர்கள் சங்க சர்வேல ஆட்டக்காரங்க ஓனருக்கே ஃபெயில்னு எஃப் போட்டாங்க, நீ ஒரு சர்வேக்குப் பயப்படறே" என்கிறார். அண்ணனோ, "கோடி கோடியா வாங்கிட்டு சாப்பாடு சரியில்லைன்னு சொல்றவங்க அவங்க, அவங்களோட நம்மைச் சேர்க்காதே" என்கிறார். யார் சொல்வது சரி? உண்மையை எழுதலாமா?
– பெயர் வேண்டாம், எடிசன்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் அண்ணனுக்கு.

சம்பளத்தைப் பார்த்தால் அவர் சொல்வது நியாயம் போலத்தான் தோன்றும். 2024-இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லுக்குப் புதிதாக வந்த வீரரின் குறைந்தபட்ச சம்பளமே 7,95,000 டாலர். ஆனால் அந்தப் பையன் எந்த ஊரில், எந்த அணியில் வேலை பார்ப்பது என்பதை அவன் முடிவு செய்வதில்லை. புது வீரர்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எடுத்த அணியோடு நாலு வருட ஒப்பந்தம். சராசரி ஆட்டக்காலமே மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் மேல் என்று வீரர்கள் சங்கம் சொல்கிறது. உடம்பை முதலாக வைத்துச் செய்கிற வேலையில் சாப்பாடும் சிகிச்சை அறையும் சொகுசுக் கணக்கில் வராது.

அந்தச் சங்கம்தான் 2023 மார்ச்சில் முதல் அறிக்கையை வெளியிட்டது. ஏறத்தாழ 1,300 வீரர்கள் 32 அணிகளுக்கும் பள்ளிக்கூட ரேங்க் கார்டு போல கிரேடு போட்டார்கள். சாப்பாடு, லாக்கர் ரூம், சிகிச்சை அறை, உடற்பயிற்சிக் கூடம், பயணம், குடும்பத்தாரை நடத்தும் விதம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிரேடு. அடுத்த வருடம் 1,706 பேர் எழுதினார்கள், தலைமைப் பயிற்சியாளரையும் ஓனரையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள்.

வந்த புகார்களைப் படித்தால் அண்ணனுக்கே சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் லாக்கர் ரூமில் வாரக்கணக்கில் எலி, அழுக்குத் துணிக் கூடையில்கூட. அரிசோனா கார்டினல்ஸ் தன் இடத்தில் ராத்திரி சாப்பாடு வேண்டும் என்ற வீரர்களின் சம்பளத்தில் அந்தக் காசைப் பிடித்தது. இதைப் படித்தபோது எனக்கு எலியைவிட இதுதான் மோசமாகப் பட்டது. எலி தானாக வந்தது. இதை ஒருவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்கிறார்! சின்சினாட்டி பெங்கால்ஸ் மைதானத்தில் குடும்பத்தாருக்கென்று ஓர் அறை இல்லாததால், கைக்குழந்தைக்காரிகள் பொதுக் கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து பால் கொடுத்ததாகவும் அந்த முதல் அறிக்கையில் இருந்தது. உங்கள் கடிதத்தில் தாழ்ப்பாள் இல்லாத அறை என்று பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது இதுதான்.

கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் கதை வேறு மாதிரி. லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்த அணி. இரண்டாவது கோப்பை வந்த கையோடு வெளியான 2024 அறிக்கையில் 31-ஆவது இடம்! பயிற்சியாளர் ஆண்டி ரீடுக்கு உச்ச கிரேடு, ஓனர் கிளார்க் ஹன்ட்டுக்கு எஃப் மைனஸ். லாக்கர் ரூமைப் புதுப்பித்துத் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்களாம். வீரர்கள் திரும்பி வந்து பார்த்தால் ஸ்டூல் இருந்த இடத்தில் முதுகு சாய்கிற நாற்காலி வந்திருந்தது, அவ்வளவுதான். சீசன் இறுதி ஆட்டம் வரை இழுத்ததால் நேரம் கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னார்களாம். ஜெயித்ததையே சாக்காகச் சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

சரி, பலன் இருந்ததா? ஜாகுவார்ஸ் 2023-இல் புதுப் பயிற்சி மையத்துக்குக் குடிபோய், 28-ஆவது இடத்திலிருந்து ஒரே வருடத்தில் ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. அந்தக் கட்டடம் அறிக்கைக்கு முன்பே திட்டமிட்டது என்பதால் முழுப் பெருமையையும் அறிக்கைக்குக் கொடுத்துவிட முடியாது. முதல் இரண்டு வருடமும் கடைசி இடத்தில் கிடந்த வாஷிங்டன் கமாண்டர்ஸ், ஓனர் கைமாறிய பிறகு 2025-இல் மேலே வந்தது.

இப்போது உங்கள் வீட்டுக்காரருக்கு. 2025-இல் ஜெட்ஸ் ஓனர் உடி ஜான்சனுக்கு எஃப் விழுந்தது உண்மை. அவர் அந்த அறிக்கையே போலி என்று கொதித்ததும், லீக் நிர்வாகம் இது சங்கத்தோடு செய்த ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று முறையீடு வரை போனதும் உண்மை. ஆனால் எஃப் போட்ட வீரனின் நிலையும் உங்கள் நிலையும் ஒன்றில்லை. அவனிடம் கேள்வி கேட்டது அவனுடைய சங்கம். பதில்கள் சங்கத்தின் கையில் இருந்தன, முதலாளி பார்த்தது மொத்த கிரேடை மட்டும். ஓர் அணியில் ஐம்பதுக்கு மேல் ஆட்கள், அதில் யார் என்ன எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். உங்கள் சர்வேயைக் கேட்பதும் கம்பெனி, படிப்பதும் கம்பெனி. ஒன்பது பேரில் கைக்குழந்தை வைத்திருப்பவர் எத்தனை பேர்? தாழ்ப்பாளைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், உங்கள் பெயரைத் தனியாகப் போடவே வேண்டாம்.

அதனால் தாழ்ப்பாளை சர்வேயில் எழுதாதீர்கள். பயந்து சொல்லவில்லை. அது நட்சத்திரம் போட்டு மதிப்பிடுகிற விஷயமே இல்லை, சட்டம். பால் எடுக்கும் தாய்மாருக்காக 2022 டிசம்பரில் கையெழுத்தான பம்ப் சட்டப்படி, குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை, கழிப்பறை அல்லாத, மற்றவர் கண்ணில் படாத, யாரும் குறுக்கே நுழைய முடியாத இடம் தர வேண்டும். ஆள் குறைந்த சில நிறுவனங்களுக்கு மட்டும் சில நிலைமைகளில் விலக்கு உண்டு. ஹெச்.ஆருக்கு உங்கள் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்புங்கள். என்றைக்கு, என்ன நடந்தது, என்ன வேண்டும் என்று நாலு வரி போதும், கோப வார்த்தை ஒன்றுகூட வேண்டாம். அதன் நகலை உங்கள் சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரோடு எழுதிக் கேட்டவரை அதற்காகப் பழிவாங்கினால் அது நிறுவனத்துக்குத் தனி வம்பு.

சர்வேயையும் நிரப்புங்கள். ஒன்பது பேருக்கும் பொதுவான குறை எதுவோ அதற்கு மட்டும் குறைந்த மார்க் போட்டு, சரிசெய்யக்கூடிய பொருளாகச் சொல்லுங்கள். "நிர்வாகம் அக்கறையில்லை" என்று எழுதினால் யாருக்கும் வேலை வராது. "ஃப்ரிட்ஜ் இரண்டு மாதமாகக் குளிரவில்லை" என்றால் ஒருவர் போன் செய்தே ஆக வேண்டும். நல்லதை நல்லது என்றே போடுங்கள். சீஃப்ஸ் வீரர்கள் ரீடுக்கு உச்ச கிரேடு போட்டதால்தான் ஹன்ட்டுக்குப் போட்டதும் எடுபட்டது.

கூட வேலை செய்பவர்களிடம் இதைப் பேசலாமா என்ற தயக்கம் இருந்தால், பேசலாம். சங்கம் இல்லாத தனியார் நிறுவனத்திலும் வேலை நிலைமையைப் பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் உரிமையை 1935-ஆம் வருடத் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. நீங்கள் மேற்பார்வையாளர் பதவியில் இருந்தால் மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. மின்னஞ்சலை முதலில் அனுப்பிவிடுங்கள், சர்வேயின் கடைசி நாள் வரை காத்திருக்க வேண்டாம்.