மேட்டூர் பாதையை யார் எடுக்கப் போகிறார்கள்?

கேள்வி: மேட்டூர் அனல் மின் நிலையத்தை விரைவில் மூடிவிடுவார்களாம், அதோடு ஓமலூர் – மேட்டூர் அணை ரயில் பாதையையும் பெயர்த்து எடுத்துவிடுவார்களாம். அமெரிக்காவில் கிளிஞ்ச்ஃபீல்டு என்ற மலை ரயில் பாதையை, நிலக்கரி வரத்து குறைந்ததும் 2015ல் இப்படித்தான் மூடினார்கள் என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றுகிறது. நம் ஊர் மலை நிலக்கரிப் பாதைக்கும் அதே கதிதானா? ஆசிரியர் ஏன் வாய் திறக்கவில்லை?
– வாசகர் ஒருவர், மேச்சேரி

பதில்: நீங்கள் இணைத்து அனுப்பிய அந்தச் செய்தியைப் படித்தோம். அதில் ஆணை எண் இல்லை, தேதி இல்லை, முடிவெடுத்த அலுவலகம் எது என்பதும் இல்லை. ‘முக்கியத் தகவல்’ என்ற தலைப்பும் ‘அனைவருக்கும் பகிரவும்’ என்ற கடைசி வரியும்தான் தெளிவாக இருக்கின்றன. இவ்வளவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு ரயில் பாதை மூடப்படும் என்று அச்சிடும் துணிவு எங்களுக்கு இல்லை.

முதலில் ஒரு சிறு திருத்தம். ஓமலூரிலிருந்து மேட்டூர் அணைக்குச் செல்லும் 29 கிலோமீட்டர் பாதை மலைப் பாதை ஆகாது. அந்த வண்டியில் போனால் கிழக்கே சேர்வராயன் மலை தெரியும், தெரிவதோடு சரி. ஏற்காட்டுக்கு ரயிலே கிடையாது. சேலம் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கும் உண்மையான மலைப் பாதை மேட்டுப்பாளையம் – உதகை பாதை. அது நிலக்கரியைச் சரக்காக ஏற்றிச் செல்லும் பாதை இல்லை.

இனி கிளிஞ்ச்ஃபீல்டுக்கு வருவோம். கென்டக்கி மாநிலத்தின் எல்க்ஹார்ன் சிட்டியில் தொடங்கி, அப்பலாச்சியன் மலைத்தொடரைக் குறுக்கே கடந்து, தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் வரை ஏறக்குறைய 445 கிலோமீட்டர் நீளும் பாதை அது. தெற்கு முனை 1909லும் வடக்கு முனை 1915லும் எட்டப்பட்டன. மலையைக் குடைந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட சுரங்கப்பாதைகள் அமைத்தார்கள். மலைச் சுரங்கங்களின் நிலக்கரியைத் தெற்கே உள்ள ஆலைகளுக்கும் மின் நிலையங்களுக்கும் கொண்டு சேர்ப்பதற்காகவே பிறந்த பாதை என்பதால், இயற்கை எரிவாயு மலிந்து மின் நிலையங்கள் நிலக்கரியைக் கைவிடத் தொடங்கியபோது அடி நேராக அதன் மேல் விழுந்தது. 2015 அக்டோபரில், பாதையை நடத்தும் சிஎஸ்எக்ஸ் நிறுவனம் டென்னசி மாநிலத்து எர்வின் ஊரிலிருந்த ரயில் யார்டை (பெட்டிகளைப் பிரித்துக் கோர்க்கும் இடம்) மூடி, நெடுந்தூர வண்டிகளை வேறு வழியாகத் திருப்பிவிட்டது. ஏறக்குறைய 300 பேர் வேலையிழந்தார்கள். உங்களுக்கு வந்த செய்தியில் உண்மையான பகுதி இவ்வளவே.

செய்தியில் விட்டுப்போனது அதற்குப் பிறகு நடந்தது. தண்டவாளத்தை யாரும் பெயர்க்கவில்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயலின் வெள்ளம் நாலிசக்கி ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாதையை வாரிக்கொண்டு போனபோது, நிறுவனம் அதைக் கைவிட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம். ஆனால் மலையோரத்தைத் திரும்பக் கட்டி, 2025ல் மறுபடியும் வண்டி ஓட்டினார்கள். ஆக, 2015ல் ‘மூடப்பட்ட’ பாதை இன்றும் இருக்கிறது. போனது எர்வின் ஊர்க்காரர்களின் பிழைப்பு. அதைப் பற்றி உங்கள் செய்தியில் ஒரு வரிகூட இல்லாததுதான் எங்களுக்கு உறுத்துகிறது.

வண்டி நிற்பது ஒன்று, பாதை மூடப்படுவது இன்னொன்று என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு பாதையைக் கைவிட விரும்பும் ரயில் நிறுவனம் தரைப் போக்குவரத்து வாரியத்தின் அனுமதியைப் பெற வேண்டும்; மூன்று ஆண்டுக்குள் கைவிட நினைக்கும் பாதைகளை முன்கூட்டியே வரைபடத்தில் காட்ட வேண்டும்; அந்தப் பாதையை வாங்கி நடத்த வேறொருவர் முன்வந்தால் அவருக்கும் வாய்ப்புத் தர வேண்டும். அதே மலைப்பகுதியில், வட கரோலினாவின் சலூடா ஏற்றம் என்னும் செங்குத்தான பாதையில் 2001 டிசம்பரில் சரக்கு வண்டி நின்றது; அதன் பிறகும் இருபது ஆண்டுக்கு மேலாகத் தண்டவாளம் அங்கேயே துருப்பிடித்துக் கிடந்தது. நம் நாட்டிலும் ரயில்வே வாரியத்தின் ஆணை இல்லாமல், கோட்ட அலுவலகத்தில் யாரோ நினைத்தார் என்பதற்காக ஒரு பாதையை எடுத்துவிட முடியாது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் நாடெங்கும் பயணிகள் வண்டிகள் நின்றனவே, அப்போதும் பாதைகள் மூடப்படவில்லை, கூட்ஸ் வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

மேட்டூருக்கு வருவோம். ஒடிசாவின் சுரங்கங்களில் எடுக்கும் நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் நம் பக்கம் வருகிறது. மேட்டூரில் 1987க்கும் 1990க்கும் இடையில் வந்த 210 மெகாவாட் அலகுகள் நான்கும், பின்னால் சேர்ந்த 600 மெகாவாட் அலகு ஒன்றும் உள்ளன. மொத்தம் 1,440 மெகாவாட். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி என்று வைத்துக்கொண்டால், எல்லா அலகுகளும் முழுத் திறனில் ஓடும் நாளில் இருபதாயிரம் டன்னுக்கு மேல் வேண்டும். ஒரு ரேக்கில், அதாவது ஒரு முழு நிலக்கரி வண்டியில், நாலாயிரம் டன்னுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். இதை லாரியில் கொண்டுவருவதானால் நாளொன்றுக்கு எண்ணூறு லாரிகள் எண்ணூரிலிருந்து புறப்பட வேண்டியிருக்கும். மின் நிலையம் இயங்கும் வரை அந்தத் தண்டவாளத்துக்கு மாற்று இல்லை.

மின் நிலையம் தொடர்ந்து இயங்குமா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. நான்கு பழைய அலகுகளுக்கும் வயது முப்பத்தைந்தைத் தொட்டுத் தாண்டிவிட்டது. அவை என்றைக்காவது ஓய்வு பெறத்தான் வேண்டும், சாம்பலும் புகையும் குடித்த சுற்றுவட்டார மக்கள் அதற்காக அழப்போவதுமில்லை. ஆனால் 2030 வரை எந்த அனல் அலகையும் மூட வேண்டாம் என்று மத்திய மின்சார ஆணையம் 2023 ஜனவரியில் அறிவுறுத்தியது. அதன் பிறகும் பாதைக்கு வேலை இல்லாமல் போகாது: பொட்டனேரி இரும்பாலைக்குத் தாதுவும் கரியும் இந்த வழியில்தான் வருகின்றன, பயணிகள் வண்டி இருக்கிறது, இரட்டைப் பாதைக்காகப் பணம் ஒதுக்கி வேலை செய்த தடம் இது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டை உருக்கி அலுமினியம் செய்த மால்கோ ஆலை 2008ல் உருக்குவதை நிறுத்தியது. ஆலை நின்றது, ரயில் நிற்கவில்லை.

ரயில் பாதையை உண்மையாகவே இழந்த ஊரைப் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்கா வரை போக வேண்டாம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் பழைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906லும், அங்கிருந்து ஓசூருக்கு 1913லும் குறுகிய பாதை ரயில் வந்தது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி பாதை 1905ல் வந்தது. போர்க்காலத்தில், 1941ல், இரண்டையும் மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மொரப்பூர் – தருமபுரி இடையே 36 கிலோமீட்டருக்குப் புதிய பாதை போட 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டினார்கள். எழுபத்தெட்டு ஆண்டு! அதற்குப் பிறகும் வேலை இழுத்துக்கொண்டே போனதற்குக் காரணம் தண்டவாளமோ எஞ்சினோ இல்லை, நிலம். பழைய தடம் கைவிட்டுப் போனால் அதன் மேல் வீடும் சாலையும் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு சர்வே எண்ணாகக் கேட்டு வாங்க வேண்டும். அமெரிக்காவில் 1983 முதல், வண்டி ஓடாத தடத்தை நடைபாதையாக்கி, நிலம் துண்டாடப்படாமல் வைத்திருக்க ஒரு சட்ட ஏற்பாடு உண்டு. நமக்கு அந்தப் பழக்கம் வரவில்லை.

ஆகவே நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. மேட்டூர் பாதையை ஒரே இரவில் எடுத்துவிடுவார்களோ என்று கவலைப்படுவதை விட்டுவிட்டு, நிலக்கரி ரேக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றனவா, கூட்ஸ் யார்டில் ஆட்களைக் குறைத்தார்களா, ரயில் நிலையங்களை ஒட்டிய ரயில்வே நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்களா என்று கேளுங்கள். சேலம் கோட்ட ரயில்வே அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு எழுத 10 ரூபாய் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும் என்பது விதி. கடந்த ஐந்து ஆண்டுகளில் மேட்டூரில் இறங்கிய நிலக்கரி ரேக்குகளின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாகக் கேளுங்கள். ஓமலூர் – மேட்டூர் அணைப் பாதை பற்றி ரயில்வே வாரியத்துக்கு ஏதாவது முன்மொழிவு போயிருந்தால் அதன் நகலையும் கேளுங்கள். எந்தப் பதில் வந்தாலும் எங்களுக்கு அனுப்புங்கள், அப்படியே வெளியிடுகிறோம்.