அப்பட்டமான மோகனம்

கேள்வி: புதுப் பாட்டு வந்த அரை மணி நேரத்துக்குள் ‘அப்பட்டமான காப்பி’ என்று வீடியோ போட்டுவிடுகிறார்களே, இவர்களுக்கெல்லாம் இசை தெரியுமா? (வாசகர், மயிலாடுதுறை)

பதில்: இசை தெரிகிறதோ இல்லையோ, ‘அப்பட்டமான’ நன்றாகத் தெரிகிறது. தாளம் ஒத்துப்போனால் அப்பட்டம். ஆரம்பத்தில் புல்லாங்குழல் வந்தால் அப்பட்டம். இரண்டும் மோகன ராகம் என்றால் அப்பட்டத்திலும் அப்பட்டம். மோகனத்தில் இருப்பதே ஐந்து ஸ்வரம்தான் ஐயா! இந்தக் கணக்கில் சீனாக்காரன் மொத்தமாக நம்மிடம் திருடியவன், ஸ்காட்லாந்துக்காரன் அவனிடம் திருடியவன், தாலாட்டுப் பாடும் கிழவிகள் மீது தனித்தனியாக எஃப்.ஐ.ஆர். போட வேண்டும். சபாவில் பாடகர் தொண்டையைச் செருமும்போதே ராகத்தின் பெயரைப் பக்கத்து சீட்டுக்கு அறிவிக்கும் ஆசாமிகளை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியாயிற்று. அவர்களுடைய பேரன்கள்தான் இப்போது வீடியோ போடுகிறார்கள்.

காப்பியைப் பிடிக்க ராகம் உதவாது. இரண்டு பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவந்து, வாத்தியங்களைக் கழற்றிவிட்டு, பல்லவியை ஸ்வரமாக எழுதிப் பாருங்கள். எந்தப் பிடி (சின்ன ஸ்வரக் கொத்து), எத்தனை தடவை, எந்த வரிசையில்?

பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பாடிய ‘மை ஸ்வீட் லார்ட்’ (1970) அப்படித்தான் மாட்டியது. வழக்கு போட்டவர்கள் ‘ஹீஸ் ஸோ ஃபைன்’ என்ற 1963 பாட்டின் உரிமையாளர்கள். பழைய பாட்டில் ‘ப க ரி’ நான்கு தடவை, அடுத்து ‘ப த ஸ த ஸ’ நான்கு தடவை. நம் கணக்கில் மோகன ஸ்வரங்கள்! ஹாரிசனிடம் முதல் பிடி அதே நான்கு. இரண்டாவது மூன்றுதான், நாலாவது இடத்தில் வேறொரு இணைப்பு. இதோடு நின்றிருந்தால் வாதாட இடமுண்டு. பழைய பாட்டில் இரண்டாவது பிடி திரும்ப வரும்போது ரிஷபத்தை லேசாகத் தொட்டு ‘ப த ஸ த ரி ஸ’ என்று முடியும். அந்த அனுஸ்வரம் ஹாரிசனிடமும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. இல்லாவிட்டால் குடிமுழுகிவிடாத இந்த மாதிரி நகாசுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

1976இல் தீர்ப்பளித்த ரிச்சர்ட் ஓவன், ஓபராக்களுக்கு இசையமைத்த நீதிபதி. தனித்தனியே இரண்டு பிடியும் சாதாரணம், அடுக்கிய விதம்தான் அபூர்வம் என்றார். ஹாரிசன் வேண்டுமென்றே எடுக்கவில்லை, அடிமனத்தில் கிடந்தது வந்துவிட்டது, ஆனாலும் மீறல் மீறல்தான் என்றார்.

கூத்து அதற்குப் பிறகுதான். வழக்கு தொடங்கியபோது ஹாரிசனின் மேனேஜராக இருந்த ஆலன் க்ளைன், 1978இல் எதிர்த்தரப்பின் உரிமையை 587,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு, பழைய முதலாளியிடமே வசூலுக்கு வந்து நின்றார். போட்ட காசை வாங்கிக்கொள், லாபம் கிடையாது என்றது நீதிமன்றம்.

காப்பியைப் பிடிப்பதில் புத்தகக்காரர்கள் இன்னும் கெட்டி. பொது அறிவுத் தொகுப்புகள் எழுதிய அமெரிக்கர் ஃப்ரெட் வொர்த், திருடனைப் பிடிக்கப் பொறி வைத்தார்: டி.வி. துப்பறிவாளர் கொலம்போவின் முதல் பெயர் ‘ஃபிலிப்’ என்று சொந்தமாக ஒரு புளுகு. ‘ட்ரிவியல் பர்சூட்’ என்ற பொது அறிவு விளையாட்டின் கேள்விச் சீட்டில் அந்த ஃபிலிப் அப்படியே வந்து விழுந்தார். 1984இல் 30 கோடி டாலர் கேட்டு வழக்கு. விளையாட்டுக்காரர்கள், ‘ஆமாம், உங்கள் புத்தகத்தையும் பார்த்தோம்’ என்று ஒப்புக்கொண்டே ஜெயித்தார்கள். தகவலுக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாதாம். அச்சுப்பிழையோடு சேர்த்து ஒருவர் புத்தகத்தை ஒருவர் அள்ளும் நம்மூர் பொது அறிவு நூல்காரர்களிடம் இதைச் சொல்லித் தொலைக்காதீர்கள்.