புயல் கூண்டு எந்த வகைக் குறி?

கேள்வி: குறிகளை உருக்குறி, சுட்டுக்குறி, மரபுக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு இதில் எது? வகுப்பில் ஆளுக்கொன்று சொல்கிறோம்.
– கல்லூரி மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: ராயபுரத்துக்காரனான எனக்கு இந்தக் கேள்வி ரொம்பவே பிடித்துவிட்டது. ஆளுக்கொன்று சொல்வதில் தப்பே இல்லைம்மா.

இப்படிப் பிரித்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ் (1839–1914). குறி தன் பொருளோடு எந்த வகையில் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அவர் கணக்கு. காசிமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஐஸ் வண்டியில் வரைந்த மீன், பார்க்க மீன் மாதிரியே இருப்பதால் மீனைக் காட்டுகிறது, அது உருக்குறி. வஞ்சிரம் வாங்க வந்த அம்மா செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். நல்ல சிவப்பு என்றால் புதுசு, வெளுத்துக் கிடந்தால் பழசு. இது யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. மீனின் நிலைமையே அந்த நிறத்தைக் கொடுக்கிறது, அதனால் சுட்டுக்குறி. ‘வஞ்சிரம்’ என்ற பெயர், நாம் சொல்லிப் பழகிய மரபுக்குறி.

சரி, கூண்டுக்கு வருவோம். கம்பத்தில் கூம்பும் உருளையும் எப்படித் தொங்கினால் என்ன பொருள் என்பது 1 முதல் 11 வரை வகுத்து வைத்த ஏற்பாடு. 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 8 முதல் 10 வரை பெரும் அபாயம். கூம்பில் புயலின் சாயல் துளியும் கிடையாது. ஆக, மரபுக்குறி.

அதோடு முடியவில்லை. காற்றுக்குத் திரும்பும் திசைகாட்டிச் சேவலைச் சுட்டுக்குறிக்கு உதாரணமாகச் சொன்னவர் பியர்ஸ். கூண்டு அப்படித் தானாகத் திரும்பாது. வானிலை மைய எச்சரிக்கை வந்து, ஓர் ஆள் ஏற்ற வேண்டும். ஆனாலும் இன்றைக்கு 3 ஏறியிருக்கிறது என்றால், கடலில் இன்றைக்கு நடக்கிற ஒன்றுதான் அதை ஏற்ற வைத்தது. அந்த வகையில் அது சுட்டுக்குறியும்தான். ஒரே குறியில் இந்த உறவுகள் கலந்து கிடக்கும் என்பது பியர்ஸுக்கும் உடன்பாடு. பாடப்புத்தகத்தில் பார்ப்பவருக்கு அது மரபுக்குறி மட்டுமே. படகை எடுப்பதா வேண்டாமா என்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இரண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 11ஆம் எண். வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலை வரக்கூடும் என்பது அதன் பொருள். தகவல் வராததையே தகவலாக்கிய குறி! அது சுட்டுவது புயலையா, அறுந்துபோன தொடர்பையா? தொடர்பைத்தான் என்பது என் கட்சி. வகுப்பில் எதிர்க்கட்சி இருந்தால் எழுதுங்கள்.