பி.டி. பீரியடைக் கடன் வாங்குகிறவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மகள் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள், கால்பந்து நன்றாக ஆடுவாள். ஆனால் பயிற்சி என்று ஒன்று கிடையாது. நாலு மணிக்கு மேல் மைதானம் பையன்களுக்குத்தான். பெண்கள் வேண்டுமானால் பிரேயர் நடக்கும் இடத்தில் த்ரோபால் போடலாம் என்கிறார்கள். நாலே முக்கால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. தலைமையாசிரியரிடம் கேட்டால், பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் குறைவு, ஒரு டீம் சேர்வதே கஷ்டம் என்கிறார். அதுவும் உண்மைதான் என்று எனக்கும் படுகிறது. சாயங்காலம் அவளுக்குத் தம்பியைப் பார்த்துக்கொள்கிற வேலையும் இருக்கிறது. அமெரிக்காவில் 1972-லேயே விளையாட்டுப் பணத்தில் பாதி பெண்களுக்கு என்று சட்டம் போட்டுவிட்டார்களாமே, இங்கேயும் அப்படி வந்தால் சரியாகுமா? கிரிக்கெட் வாரியம் பெண்களுக்கும் அதே சம்பளம் தருவதால் கீழே ஏதாவது மாறுமா? வெயிலில் ஆடிக் கறுத்துப்போனால் யார் கட்டிக்கொள்வான் என்று கேட்கும் என் அக்காவுக்கு என்ன சொல்வது?

க.

அன்புள்ள க.,

உங்கள் அக்காவுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் மேகத்துக்குள் கிடக்கிற கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு வெயிலைப் பற்றிக் கவலைப்படுகிறவரோடு பேசி ஜெயிக்க முடியாது. கிரிக்கெட் வாரியம் 2022 அக்டோபரில் அறிவித்தது ஆட்டத்துக்கு ஆட்டம் தரும் பணத்தை மட்டும்: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6, இருபது ஓவருக்கு 3. நல்லதுதான். 2025 நவம்பரில் நவி மும்பையில் நம் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியபோது நானும் டிவி முன்னால் கத்தினேன். அதற்கும் உங்கள் மகளின் நாலரை மணிக்கும் சம்பந்தமில்லை.

அந்த அமெரிக்கச் சட்டத்தை வாட்ஸப்பில் படித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பாதிப் பணம் என்று அதில் எங்கேயும் இல்லை. விளையாட்டு என்ற பேச்சே இல்லை. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண் பெண் என்று பேதம் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது, அவ்வளவுதான். டைட்டில் நைன் என்பார்கள். விளையாட்டுக்கு அதை எப்படிப் பொருத்துவது என்று 1975-ல் விதிகள் எழுதினார்கள். அதிலும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஆகும் மொத்தச் செலவு சமமாக இல்லை என்பது மட்டுமே குற்றமாகிவிடாது என்றுதான் இருக்கிறது. அப்படியானால் எதைப் பார்ப்பார்கள்? பந்தும் சீருடையும் ஒரே தரமா, கோச் உண்டா, உடை மாற்ற இடம் உண்டா, வெளியூர்ப் பயணத்துக்கு என்ன ஏற்பாடு என்று ஒரு பட்டியல். அதில் நம்மில் யாருக்கும் தோன்றாத ஒன்றையும் சேர்த்தார்கள். ஆட்டத்துக்கும் பயிற்சிக்கும் எந்த நேரத்தை ஒதுக்குகிறீர்கள் என்பது.

தம்பி, நான் பல வருஷமாகக் கேட்பவர்களிடமும் கேட்காதவர்களிடமும் புலம்பிக்கொண்டிருப்பது இதைத்தான். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து தொட்டதால்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் பணத்தை முடித்துவிடுகிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருள் வாங்க வருஷத்துக்கு 25,000 ரூபாய் வரை, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, தொடக்கப் பள்ளிக்கு 5,000. இதில் பாதியைப் பெண்களுக்கு எழுதி வையுங்கள் என்று நாளைக்கே அரசாணை வந்தாலும் உங்கள் மகள் பங்கு பொருட்கள் பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருக்கும், சாவி பி.டி. சாரிடம் இருக்கும், மணி நாலரை ஆகியிருக்கும், அவள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாள். பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வி.

நான் படித்ததும் இந்த மலையில் ஓர் அரசுப் பள்ளியில்தான். மலையில் மட்டமான இடம் என்பது தங்கம், உங்களுக்குத் தெரியாததா? எங்கள் மைதானம் சரிவை வெட்டி எடுத்த ஒரு துண்டு, மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்தில் தேயிலை. பையன்கள் மேலே ஆடுவார்கள். எங்களுக்கு அந்த மைதானத்தில் கிடைத்த ஒரே பதவி, கீழே நின்று தேயிலைக்குள் விழும் பந்தை எடுத்து மேலே எறிவது. அட்டை கடிக்கும். யாரும் எங்களை அதைச் செய்யச் சொல்லவில்லை, நாங்களே போய் நின்றோம், பந்தைத் தொட வேறு வழியில்லையே. என் வகுப்பில் ஒருத்தி கீழேயிருந்து எறிகிற பந்து கோல் கம்பத்தையும் தாண்டிப் போய் விழும். ஒரு வாத்தியாராவது நிமிர்ந்து பார்த்து யார் எறிந்தது என்று கேட்டிருக்க வேண்டும். இப்போது கூடலூர் பக்கம் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறாள். போனில் பேசினால் இன்றைக்கும் எங்கள் கணக்கு டீச்சரைத் திட்டாமல் வைப்பதில்லை.

கணக்கு டீச்சரை ஏன் திட்ட வேண்டும்? வாரத்தில் எங்களுக்கு இரண்டு பி.டி. பீரியட். அந்த இரண்டும்தான் முழு வகுப்பும், ஆணும் பெண்ணும், கட்டாயமாக மைதானத்தில் நிற்கிற நேரம். யாரும் வீட்டில் அனுமதி கேட்க வேண்டாம், பஸ் போய்விடாது, இருட்டாது. அந்த நேரத்தைத்தான் டீச்சர் சிலபஸ் முடியவில்லை என்று கடன் வாங்குவார். பையன்கள் ஒரு முனகு முனகிவிட்டு நாலு மணிக்கு மைதானத்துக்கு ஓடிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் மைதானமும் அவர்களுக்கு இருக்கிறது. எங்களுக்கு அந்த இரண்டு பீரியடும் போனால் அந்த வாரமே போயிற்று. ஒரே பீரியடைத்தான் இருவரிடமும் எடுத்தார், ஆனால் பையனிடம் போனது சில்லறை, எங்களிடம் போனது மொத்தக் கைமுதல்.

இன்றைக்கும் இதுதான் நடக்கிறது. விளையாட்டுத் துறைக்கு அமைச்சராக இருந்த உதயநிதியே பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களிடம் வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். கைதட்டினோம், சிரித்தோம், மீம் போட்டோம். அதைப் பிள்ளைகளின் குஷி விவகாரமாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்களே தவிர, கடன் வாங்கப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளையின் ஒரே விளையாட்டு நேரம் என்று ஒருவரும் சொல்லி நான் கேட்கவில்லை. பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் கடன் என்ற பேச்சும் போய்விடுகிறது, கால அட்டவணையில் பி.டி. என்று எழுதியிருக்கும் கட்டத்தில் சிறப்பு வகுப்பு நடக்கும். நடுநிலைப் பள்ளிகளில் கதை இன்னும் மோசம். 2012-ல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பேரைப் பகுதிநேர ஆசிரியர்களாக எடுத்தார்கள், 5,000 ரூபாய்ச் சம்பளத்தில், வாரத்துக்கு மூன்று அரை நாள். ஆறாவது படிக்கும் பெண்ணின் காலில் பந்து பட வேண்டிய வயதில் அவளுக்குக் கிடைக்கும் ஆசிரியரே அரை நாள் ஆசிரியர்.

இப்போது உங்களைத் திட்டுகிற இடம். 'பெண்களுக்கு ஆர்வம் குறைவு' என்று தலைமையாசிரியர் சொல்கிறார், சரி, அவர் வேலை சுலபமாக வேண்டும் என்று சொல்கிறார். நீங்கள் ஏன் ஆமாம் போடுகிறீர்கள்? உங்கள் வீட்டிலேயே ஆர்வம் எட்டு முழத்துக்கு வளர்ந்து நிற்கிறதே. மைதானம் கிடையாது, நேரம் கிடையாது, பஸ் கிடையாது, அப்புறம் வந்து நின்றது பத்துப் பேர்தான் என்றால் அந்தப் பத்துப் பேரின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டாமா? இதே பேச்சு அமெரிக்காவிலும் ஓடியது. 1971-72-ல் அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிகளில் பையன்கள் 36 லட்சத்துக்கு மேல், பெண்கள் 3 லட்சம்கூட இல்லை. 1977-78-ல் பெண்கள் 20 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆறே வருஷத்தில் ஏழு மடங்கு. அந்த ஆறு வருஷத்தில் ஒரு நாட்டுப் பெண்களின் சுபாவமா மாறிப்போனது?

அங்கேயும் சட்டம் வந்ததும் பாலும் தேனும் ஓடவில்லை. 1972-ல் கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குப் பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்களே கோச்சாக இருந்தார்கள். அந்த வேலைக்கு நல்ல சம்பளம் வர ஆரம்பித்ததும் ஆண்கள் உள்ளே வந்தார்கள், இன்றைக்குப் பெண் கோச்சுகள் பாதிகூட இல்லை. மிச்சிகன் மாநிலக் கதை இன்னும் நமக்கு நெருக்கம். மற்ற மாநிலங்களில் பள்ளிப் பெண்கள் குளிர்காலத்தில் கூடைப்பந்தும் இலையுதிர் காலத்தில் வாலிபாலும் ஆட, மிச்சிகனில் மட்டும் இரண்டையும் தலைகீழாக வைத்திருந்தார்கள். கல்லூரிக்காரர்கள் நல்ல ஆட்டக்காரிகளைத் தேடி வருகிற பருவம் ஒன்று, இவர்கள் ஆடுகிற பருவம் வேறு. காரணம் கேட்டால் பையன்கள் ஆட்டத்துக்கு அரங்கம் வேண்டும், கோச் வேண்டும், வசதி வேண்டும். பெற்றோர் 1998-ல் வழக்குப் போட்டார்கள், 2001-ல் தீர்ப்பு பெண்கள் பக்கம் வந்தது, பள்ளி விளையாட்டுச் சங்கம் விடாமல் மேல்முறையீட்டுக்குப் போய், 2007-ல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்த பிறகுதான் அட்டவணையை மாற்றியது. கடைசிவரை நின்ற கேள்வி பணமே இல்லை. எங்கள் நேரத்தைக் கொடு என்பதுதான், அதற்கே ஒன்பது வருஷம்.

நம் ஊருக்கு வருவோம். ஊட்டி ஊருக்கு நடுவில் ஐம்பது ஏக்கருக்கு மேல் மட்டமான நிலம் நூறு வருஷத்துக்கும் மேலாகக் குதிரை ஓடக் கிடந்தது. குத்தகை பாக்கி என்று அரசு அதை 2024-ல் கையில் எடுத்தபோது, வழக்கு ஒரு பக்கம் இருக்க, பூங்கா வருமா வேறு என்ன வரும் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பள்ளிப் பெண்களுக்கு ஒரு மூலை என்று யாராவது சொல்கிறார்களா என்று நானும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தேன். பெண்களுக்கு இலவச பஸ்ஸும் மலைக்கு 2024-ல்தான் வந்தது. வந்ததில் சந்தோஷம். ஆனால் உங்கள் மகளுக்குத் தேவை இலவச டிக்கெட் அல்ல, ஐந்தே முக்காலுக்கு ஒரு பஸ்.

இருட்டினால் காட்டுமாடு, கரடி என்பீர்கள். நிஜம்தான். நம் பக்கம் தேயிலைக்குள் கரடி நிற்பது செய்தியே இல்லை. ஆனால் மைதானத்தில் ஆறு மணிவரை ஆடிவிட்டு அதே வழியில் வருகிற பையனைப் பார்த்துக் கரடி ஒதுங்கிப் போவதில்லை. பயம் இருவருக்கும் பொது, ஊரடங்கு மட்டும் ஒருத்திக்கு. இதற்காகத்தான் நான் விளையாட்டு விடுதிகளைப் பெரிதாக நினைக்கிறேன். பி.டி. உஷா 1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கென்று தொடங்கிய விளையாட்டுப் பிரிவில் சேர்ந்தார், பயிற்சியாளர் நம்பியார் கண்ணில் பட்டார், 1984-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தை விட்டார். அந்த விடுதி அவருக்குக் கொடுத்தது சோறும் ஷூவும் மட்டுமல்ல. காலையும் மாலையும் அவருடையதாக இருந்தன. தம்பியைத் தூக்கிக்கொள்ள யாரும் கூப்பிடவில்லை.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சட்டம் வரும்வரை காத்திருக்காதீர்கள், உங்கள் மகள் கல்லூரி முடித்துவிடுவாள். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதில் பாதிப் பேர் பெண்கள் இருந்தாக வேண்டும் என்பது ஏற்கெனவே சட்டம். அந்தக் கூட்டத்தில் இரண்டு தீர்மானம் போதும். பி.டி. பீரியடை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. பள்ளி விட்ட பிறகு மைதானம் வாரத்தில் எந்தெந்த நாள் பெண்களுக்கு முதலில் என்று எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது. பெரிய ஆட்களிடம் போக வேண்டாம், கணக்கு டீச்சரிடம் நேரிலேயே பேசுங்கள். பெரும்பாலும் அவரும் ஒரு காலத்தில் பள்ளத்தில் நின்று பந்து பொறுக்கியவராகத்தான் இருப்பார். பஸ்ஸுக்குப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்கு மனு, நாலு பெற்றோர் கையெழுத்தோடு.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. 'சாயங்காலம் தம்பியைப் பார்த்துக்கொள்கிற வேலையும் இருக்கிறது' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ஏதோ மழை பெய்கிறது என்பதுபோல. அதை யார் அவளுக்குக் கொடுத்தது? பி.டி. சார் இல்லை, தலைமையாசிரியர் இல்லை. உங்கள் மனைவி இலை எடை போட்டுவிட்டு எத்தனை மணிக்கு வருகிறார், நீங்கள் எத்தனை மணிக்கு வருகிறீர்கள், அதுவரை சின்னவன் யாரிடம் இருப்பான், இதை இன்றைக்கு ராத்திரியே மூன்று பேரும் உட்கார்ந்து பேசுங்கள். கறுத்துப்போவதைப் பற்றிக் கவலைப்படும் அந்த அக்கா பக்கத்தில்தான் இருக்கிறார் என்றால் அவரிடமே விடுங்கள், அவருக்கும் பேச்சு குறையும். முடிவு ஆனதும் பள்ளிக்குப் போங்கள். போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் பேசுவதைவிட அவள் நன்றாகப் பேசுவாள் என்று நினைக்கிறேன்.