ஐ.நா.வுக்குள் யார் விட்டார்கள்?

அன்புள்ள ஐயா,

ஐ.நா. கூட்டங்களில் தொண்டு நிறுவனங்கள் எழுந்து நம் நாட்டைக் குறை சொல்கின்றன. இவர்களை யார் தேர்ந்தெடுத்தது? வெளிநாட்டுப் பணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே போய்விடலாமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. ஐ.நா. சாசனத்தின் 71ஆவது பிரிவின்படி ‘ஆலோசனைத் தகுதி’ பெற்ற அமைப்பு கூட்டத்துக்கு வரலாம், அறிக்கை தரலாம், ஓரிரு நிமிடம் பேசலாம். பணம் எங்கிருந்து வருகிறது என்று விண்ணப்பத்திலேயே சொல்லியாக வேண்டும்.

அந்தத் தகுதியைப் பரிந்துரைப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. எந்த அரசின் மேல் புகார் சொல்ல வருகிறார்களோ, அந்த அரசே வாசலில் உட்கார்ந்திருக்கலாம். நிராகரிக்கக்கூட வேண்டாம், உறுப்பு நாடு ஒன்று ஒரு கேள்வி கேட்டால் போதும், விண்ணப்பம் அடுத்த அமர்வுக்குப் போய்விடும். பதில் வந்ததும் இன்னொரு கேள்வி. கோபன்ஹேகனில் இயங்கும் சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008இல் விண்ணப்பித்தது. இந்தியா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில், அதுவும் அந்தக் குழுவைத் தாண்டி, இறுதி முடிவெடுக்கும் ஐ.நா.வின் பொருளாதார சமூகப் பேரவையில் 24க்கு 17 என்ற வாக்கில். (அரசாங்கங்களே பின்னால் இருந்து நடத்தும் ‘அரசு சாரா’ அமைப்புகளும் இந்தத் தகுதியோடு உலவுகின்றன. உங்கள் சந்தேகம் அந்தப் பக்கம் திரும்பினால் நானும் சேர்ந்துகொள்வேன்.)

ஆனால் தலித் இயக்கங்களின் பேச்சுக்கு மதிப்பு வந்தது இந்த நுழைவுச் சீட்டால் அல்ல, அதற்கு முன்பே. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 2001இல் ஐ.நா. நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டின் ஆவணத்தில் சாதி என்ற சொல்லே வராமல் இந்திய அரசு பார்த்துக்கொண்டது. அங்கே போன தலித் இயக்கங்களுக்கு அது தோல்விதான். அடுத்த ஆண்டே ஐ.நா.வின் இனப் பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாட்டில் (பிறப்பை வைத்து ஒதுக்குவதில்) சாதியும் அடங்கும் என்று எழுதியது. அந்தக் குழுவில் இருப்பவர்கள் நிபுணர்கள். அரசு தரும் அறிக்கையைச் சரிபார்க்க அவர்களுக்கு வேறு தகவல் வேண்டும். அதைக் கொடுக்க ஆலோசனைத் தகுதி தேவையில்லை. 2007இல் இந்தியாவின் அறிக்கை அங்கே விசாரணைக்கு வந்தபோது ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பும் தலித் அமைப்புகளும் நிழல் அறிக்கைகள், அதாவது அரசு அறிக்கைக்கு மாற்றான அறிக்கைகள், கொடுத்திருந்தன. சாதி வேறு, இனம் வேறு என்ற அரசின் வாதம் எடுபடவில்லை.

உங்களோடு எனக்கு உடன்பாடான இடமும் உண்டு. ஆலோசனைத் தகுதி கேட்கும் ஐ.நா. கூட்டங்களில், ஜெனீவாவில் தங்கக் காசில்லாத, சீட்டும் இல்லாத சின்ன இயக்கம் ஒரு பெரிய அமைப்பின் பெயரில்தான் உள்ளே போய்ப் பேச முடிகிறது. என்ன பேசலாம் என்பதில் அப்போது அந்தப் பெரிய அமைப்பின் கையும் இருக்கும்.