லீவுக்கு வந்தவங்களுக்கு வேலை குடுங்க

அன்புள்ள அக்கா,

நான் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டில வேலை செய்றேன். சொந்த ஊர் தர்மபுரி ஜில்லா பாலக்கோடு பக்கம். ஒவ்வொரு டிசம்பரும் கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ஊருக்கு வந்துடுவோம். அக்காங்க ரெண்டு பேர் குடும்பம், சித்தப்பா பசங்க, அத்தை வீடுன்னு எல்லாரும் அதே வாரம்தான் வர்றாங்க. வீடு சந்தைக்கடை மாதிரி ஆயிடுது. பாத்ரூமுக்கு க்யூ, சார்ஜருக்கு சண்டை, பசங்க கத்தல், டிவி சத்தம். அம்மாவுக்கு முட்டிவலி, அதோட அத்தனை பேருக்கும் சமைக்கிறாங்க, பாக்கவே பாவமா இருக்கு. வருஷம் பூரா ஓடிட்டு ரெஸ்ட்டுக்குன்னு வந்தா இன்னும் டயர்டாதான் திரும்பிப் போறோம். போன வருஷம் திரும்பறப்ப கர்நாடகா பார்டர்ல அத்திப்பள்ளி தாண்டறதுக்குள்ள பாதி ராத்திரி ஆயிடுச்சு. இந்த வருஷம் நாங்க கூர்க் போலாம்னு இருக்கோம். அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியல. நான் பண்றது தப்பா அக்கா?

க.

அன்புள்ள க.,

இதைப் பத்தி நானே எழுதணும்னு நெனச்சிட்டு இருந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க.

சில்லறை விஷயத்தை மொதல்ல முடிச்சிடறேன். அத்திப்பள்ளி டிராஃபிக்குக்கு என்கிட்ட மருந்து இல்ல. அந்த வாரத்துல பெங்களூர்ல இருந்து ஏற்காடு போறவங்க, ஒகேனக்கல் போறவங்க, சபரிமலைக்குப் போற வேன், மேல்மருவத்தூர் போற செவ்வாடை பஸ், அப்புறம் உங்களை மாதிரி ஊருக்கு வர்றவங்க எல்லாரும் ஓசூர் ரோட்டுலதான் வந்தாகணும். விடியக்காலை நாலு மணிக்கு கிளம்புங்க, இல்ல பொலம்பாம வாங்க. கூர்க்கா, போய்ட்டு வாங்க. பெங்களூர்ல பாதிப் பேர் அங்கதான் இருப்பாங்க, பாத்ரூமுக்கு க்யூ இருக்காது, காபி கடைல இருக்கும். போறது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், அது என் வேலையும் இல்ல.

ஆனா அம்மாவைப் பாத்தா பாவமா இருக்குன்னு எழுதினீங்களே, அந்த எடத்துல எனக்குக் கோவம் வந்துடுச்சு. பாவமா இருந்தப்ப நீங்க எங்க உக்காந்திருந்தீங்க தம்பி? ஹால்லயா? கையில போனா? அக்கா வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் எங்க இருந்தாங்க, சித்தப்பா பசங்க என்ன பண்ணிட்டு இருந்தாங்க? அத்தனை பேர் வந்திருக்கீங்க, அதுல பாதிப் பேராவது கை கால் நல்லா இருக்கறவங்கதான, அப்புறம் எப்படி முட்டிவலி இருக்கற ஒருத்தர் மட்டும் நின்னாங்க? கூட்டம் தொல்லை கூட்டம் தொல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் வேற சொல்றேன், கூட்டம் தொல்லையே இல்ல, கூட்டத்துக்கு வேலை இல்லாததுதான் தொல்லை.

எங்க பெரியப்பா வீடு மாரண்டஹள்ளி பக்கம். அரையாண்டு பரிட்சை முடிஞ்ச அன்னிக்கே மூட்டையக் கட்டிடுவோம். அப்பவும் இதே கூட்டம்தான், இன்னும் சொல்லப்போனா ஜாஸ்தி, பாத்ரூமுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆனா பெரியப்பா ஒரு பழக்கம் வெச்சிருந்தார். பையோட யார் உள்ள வந்தாலும் மொதல்ல காபி, அடுத்தது அருவா. "இன்னா, காபி குடிச்சியா? களத்துல ஆள் பத்தல, அந்தக் கூடைய எடுத்துனு வா." விருந்தாளி, மாப்பிள்ளை, கவர்மெண்ட் உத்தியோகம் எதுவும் அங்க செல்லாது. பெங்களூர்ல ஃபேக்டரில இருந்த ஒரு மாமா மடிப்பு கலையாத பேண்டோட பஸ்ஸ விட்டு எறங்குவார், மத்தியானத்துக்குள்ள வேட்டிய மடிச்சுக்கட்டிட்டு மாட்டு பின்னாடி சுத்திட்டு இருப்பார்.

ஏன்னா டிசம்பர்தான் நம்ம பக்கம் ராகி களத்துக்கு வர்ற மாசம். கருது அறுத்து போர் போட்டு, கொஞ்ச நாள் அது உள்ளயே சூடேறட்டும்னு விட்டு, அப்புறம் பிரிச்சுப் பரப்பி உருளைக்கல்லை மாட்டுல பூட்டி ஓட்டுவாங்க, காத்து பாத்து தூத்துவாங்க. ராகிக்கு நடுவுல சால் விட்டு அவரையும் துவரையும் போட்டிருப்பாங்க, அந்த அவரை இருக்கே அது பகல் குறைஞ்சு பனி எறங்குனாத்தான் பூக்கும், பனி குடிச்ச காய்க்குத்தான் அந்த வாசனையே வரும். பெங்களூர்ல அவரைக்காய் மேளான்னு வெச்சு ஜிலேபி வரைக்கும் அதுலயே போடறாங்களாம், நீங்க போய் செல்ஃபி எடுத்திருப்பீங்க. உங்க ஊருல அது வேலிமேலயே காய்ச்சுத் தொங்கும். பனி, அறுப்பு, பள்ளிக்கூட லீவு மூணும் ஒண்ணா வந்து விழுந்ததாலதான் அந்தக் கூட்டம் கொண்டாட்டமா இருந்துச்சு. யாரும் சும்மா இல்ல. பசங்களுக்குக்கூட கோழி ஓட்டற வேலை உண்டு. ராத்திரி களத்துல காவல் படுக்க எங்களுக்குள்ள அடிதடியே நடக்கும், இப்ப கட்டிலுக்கு சண்டை போடறோம்.

பிதுக்குப் பருப்பு தெரியுமா? தெரிஞ்சிருக்கும், சாப்பிட்டிருப்பீங்க, பிதுக்கியிருக்கீங்களான்னு கேக்கறேன். அவரைக்கொட்டைய ஊறப்போட்டு ஒவ்வொண்ணா ரெண்டு விரலால அழுத்தினா தோல் கையில நிக்கும், பருப்பு துள்ளிட்டுப் போகும். ஒரு ஆள் தனியா உக்காந்து பண்ணா கழுத்து ஒடிஞ்சிடும். அண்டாவ நடுவுல வெச்சு சுத்தி எல்லாரும் உக்காந்தா கதை பேசி முடிக்கறதுக்குள்ள அண்டா காலி. எங்க வீட்டுல கல்யாணப் பேச்சு, பங்காளிச் சண்டை பஞ்சாயத்து, யாரு யார்கிட்ட பேசறதில்லன்றது எல்லாம் அந்த அண்டாவச் சுத்திதான் தீர்ந்துச்சு. கை வேலையா இருக்கறப்ப மனுஷன் மூஞ்சிய பாக்காம பேசலாம், அது ஒரு பெரிய வசதி. ஹால்ல சோபால எதிரெதிர உக்கார வெச்சா ரெண்டு பங்காளியும் டிவியத்தான் பாப்பாங்க.

ஒடனே "அந்தக் காலம் பொற்காலம்"னு நான் சொல்றதா யாரும் எழுதிடாதீங்க. களி கிளறினது அப்பவும் பெரியம்மாதான், அவங்க முன்னங்கையில சூட்டுத் தழும்பு இல்லாத டிசம்பர நான் பாத்ததில்ல. ஆம்பளைங்க சாப்பிட்ட தட்டை எடுத்தது கிடையாது. ஆனா அன்னிக்கு வீட்டு வேலையில சமையல் ஒரு பகுதிதான், மிச்சத்துக்கு ஆம்பளை பசங்கன்னு எல்லாரும் வேர்வை சிந்தினாங்க. இன்னிக்கு நிலத்துல பாதி பிளாட் ஆயிடுச்சு, மிச்சத்தை குத்தகைக்கு விட்டாச்சு, களம் போய் கார் நிறுத்தற எடமாச்சு. கூட்டம் மட்டும் அப்படியே வருது. மத்த வேலையெல்லாம் போனதுல மிஞ்சினது சமையல்கட்டு ஒண்ணுதான், வர்ற அத்தனை பேரோட பாரமும் அந்த ஒரு எடத்துல போய் விழுது. உங்க அம்மா முட்டி வலிக்காம என்ன பண்ணும்?

நாம எவ்வளவு தூரம் போய்ட்டோம்னா, போன வருஷம் எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன் புது கார்ல வந்தான். ராயக்கோட்டை பக்கம் ரோட்டுல கொள்ளுச் செடிய பரப்பி வெச்சிருக்காங்க, களம் இல்லாத ஜனங்க என்ன பண்ணுவாங்க, வண்டி ஏறி மிதிச்சாத்தான் கொள்ளு உதிரும். இவன் மேல ஏத்திட்டு வந்ததுல கொடி சக்கரத்துல சுத்தி அடியில பொகைய ஆரம்பிச்சிடுச்சு. அது சாதாரண விஷயம் இல்ல, அப்படித் தீப்பிடிச்சு எரிஞ்ச வண்டி உண்டு. நல்லவேளை, எதிர்ல டிராக்டர்ல வந்தவர் எறங்கிப் படுத்து அருவாளால அறுத்து எடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து இவன் சொல்றான், "ரோட்டுல ஏதோ புல்லு போட்டு வெச்சிருக்காங்க மாமா." புல்லாம். அவங்க தாத்தா கொள்ளு வித்துதான் அவங்க அப்பனை காலேஜ் சேத்தார்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி ராகிக்குப் பேர் போன ஜில்லாங்க. 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டுன்னு சொல்லுச்சு, அதே வருஷம் தர்மபுரிலயும் நீலகிரிலயும் ரேஷன்ல 2 கிலோ அரிசிக்குப் பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க. விளைவிக்கற ஊருக்கே கார்டுல ராகி வருது, நம்ம பசங்களுக்கு அது பாக்கெட்ல வர்ற மால்ட். சரி விடுங்க, இதைப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்.

களம் இல்லைன்னா வேலையே இல்லைன்னு அர்த்தமா? பாலக்கோடு சந்தைல அவரைக்கா மூட்டையாவே கிடைக்கும், வாங்கி வந்து ஹால் நடுவுல கொட்டுங்க, டிவி வயர உருவிடுங்க. பெரிய அக்கா வீட்டுக்காரரை பாத்திரம் கழுவச் சொல்லுங்க. "மாப்பிள்ளைய எப்படி வேலை வாங்கறது"ன்னு அம்மா பதறுவாங்க பாருங்க, அங்கதான் நீங்க விடாம நிக்கணும். மாப்பிள்ளைன்னா என்ன சாமி சிலையா, பொங்கல் வெச்சுப் படைச்சு முன்னாடி நிக்கறதுக்கு? கல்யாணமாகி பத்து வருஷம் ஆனாலும் தண்ணிய மொண்டு குடிக்காத மாப்பிள்ளைங்க நம்ம ரெண்டு ஜில்லாலயும் எத்தனை பேர். மொதல் நாள் முறைப்பார், ரெண்டாம் நாள் ஜோக்கடிப்பார், மூணாம் நாள் "தேங்காநார் நல்லால்ல, ஸ்கிரப்பர் வாங்கிட்டு வா"ன்னு அவரே சொல்வார். நான் பாத்துட்டேன். மாப்பிள்ளைய சொல்றதுக்கு முன்னாடி நீங்க அண்டாவத் தூக்கியிருக்கணும், அது வேற.

31ஆம் தேதி ராத்திரி பேக்கரி வாசல்ல சாமியானா போட்டு சீரியல் லைட்டு கட்டி கேக் விப்பாங்க, அந்தக் கூட்டத்துல நின்னு வாங்கிட்டு வாங்க, நான் எதிரி இல்ல. மூஞ்சில பூசாம சாப்பிடச் சொல்லுங்க, க்ரீம் அப்பின தலகாணி உறைய மறுநாள் துவைக்கறதும் அம்மாதான்.

அம்மாகிட்ட எப்படி சொல்றதுன்னு கேட்டிருந்தீங்க இல்ல. நேரா போன் பண்ணி சொல்லுங்க, "நாங்க இந்த வருஷம் வரல"ன்னு. அவங்களுக்கு ஒரு நாள் வருத்தமா இருக்கும், மனசுக்குள்ள கொஞ்சம் நிம்மதியாவும் இருக்கலாம், யார் கண்டா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. கூர்க் போறது யாரோட ஆசை? இவ்வளவு நீளக் கடிதத்துல உங்க மனைவி என்ன நெனைக்கறாங்கன்னு ஒரு வரி இல்ல. டிசம்பர்ல உங்க அம்மாவுக்கு அடுத்தபடியா அந்த அடுப்புகிட்ட நின்னது அவங்கதான்னு நெனைக்கறேன். அவங்களைக் கேட்டுட்டு எனக்கு மறுபடி எழுதுங்க, முடிஞ்சா அவங்களையே எழுதச் சொல்லுங்க.

அன்புடன்,
அக்கா